வணிக மென்பொருளுக்கான கிளவுட் வியூகம்: படிப்படியான முழு வழிகாட்டி

கிளவுட், அதாவது பிறருடைய தரவு மையத்திலுள்ள சர்வர்களை இணையம் வழியே வாடகைக்கு எடுப்பது, பற்றிய கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் தொடங்குகின்றன: அமேசானா, மைக்ரோசாஃப்டா, கூகுளா? அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. கணக்கு, கொள்முதல், சரக்கிருப்பு, சம்பளம், உற்பத்தி என ஒரு நிறுவனத்தின் அன்றாடத்தையே சுமக்கும் ஈஆர்பி போன்ற மென்பொருளுக்கு முதலில் விடை தேட வேண்டியவை வேறு மூன்று. எந்த மென்பொருள் எதனுடன் பேசிக்கொண்டிருக்கிறது? அதில் நாம் சொந்தமாகத் திருத்தி எழுதியது எவ்வளவு? நாளை வெளியேற நினைத்தால் வழி இருக்கிறதா? இவற்றுக்கு விடை கையில் இருந்தால் மற்றதெல்லாம் சுலபம். இல்லாவிட்டால் எந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தாலும் தலைவலி ஒன்றுதான்.

"எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றுகிறோம்" என்று ஒரே வரியில் அறிவிப்பவர்கள், சில மாதங்களில் விதிவிலக்குகளின் பட்டியலோடு திரும்பி வருவார்கள். மென்பொருளுக்கு மென்பொருள் முடிவு மாறும். அந்த முடிவுகளை எந்த வரிசையில் எடுப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: ஏன் இப்போது என்று எழுதுங்கள்

ஒரு பத்தி போதும். சர்வர்கள் பழசாகிவிட்டனவா? தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்துகிறாரா? புதிய கிளைகள் வருகின்றனவா? இயந்திர அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லையா? இவை நியாயமான காரணங்கள். உதாரணமாக, ஈஆர்பி தயாரிக்கும் எஸ்ஏபி நிறுவனத்தின் பழைய ஈஆர்பியான ஈசிசி 6.0 பதிப்புக்கு வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது. கூடுதல் கட்டணம் செலுத்தினால் 2030 இறுதிவரை நீளும். பழைய மேம்பாட்டுத் தொகுப்புகளில் நின்றுவிட்டவர்களுக்கு அந்தக் கெடு 2025 இறுதியிலேயே கடந்துவிட்டது. இப்படியொரு கெடு இருந்தால் அதுவே கால அட்டவணையை எழுதிவிடும்.

"செலவு குறையும்" என்பதை மட்டும் காரணமாக எழுதியிருந்தால் அந்தத் தாளை ஒதுக்கி வையுங்கள். படி 6 வரை போகாமல் அதை யாராலும் சொல்ல முடியாது.

படி 2: கணக்கெடுப்பு

முழு வேலையிலும் அதிக நேரம் இதற்குத்தான் போக வேண்டும். நடைமுறையில் குறைந்த நேரம் போவதும் இதற்குத்தான். சர்வர்களின் பட்டியல் எல்லோரிடமும் இருக்கும். இணைப்புகளின் பட்டியல் யாரிடமும் முழுமையாக இருக்காது.

ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு வரி திறந்து இவற்றைக் குறியுங்கள்: வணிகத் தரப்பில் அதற்குப் பொறுப்பாளர் யார், உள்ளே வரும் தரவு எது, வெளியே போகும் தரவு எது, எத்தனை மணிக்கு, எந்த வடிவத்தில், நின்றுபோனால் எத்தனை மணி நேரம் தாங்கலாம். கடைசிக் கேள்வியைத் தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்காதீர்கள். கணக்குப் பிரிவிடமும் கிடங்கிடமும் கேளுங்கள்.

வரைபடத்தில் இல்லாத இணைப்புகள் எங்கே ஒளிந்திருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். ஈஆர்பி இரவு இரண்டு மணிக்கு வங்கிக்கான பணப்பட்டுவாடாக் கோப்பை ஒரு பொதுக் கோப்புறையில் எழுதுகிறது. கணக்குப் பிரிவில் ஒருவரின் மேசைக் கணினியில் ஓடும் ஒரு சிறு நிரல் காலையில் அதை எடுத்து, இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றி, வங்கியின் இணைய வாயிலில் ஏற்றுகிறது. அந்த நிரல் இயங்குவது எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவருடைய பயனர் பெயரில். எந்த ஆவணத்திலும் இது இல்லை. ஈஆர்பி கிளவுடுக்குப் போன மறுநாள் காலை பணம் போகாது; காரணத்தைக் கண்டுபிடிக்கவே மதியமாகிவிடும். இத்தகைய இணைப்புகளைப் பிடிக்க நேர்காணல் மட்டும் போதாது. ஃபயர்வால் (வலையமைப்பின் காவல் வாயில்) பதிவுகளையும் தரவுத்தளத்தில் நுழைவோரின் பதிவுகளையும் குறைந்தது ஒரு மாத இறுதி, ஒரு காலாண்டு இறுதி அடங்கும்படி சேகரித்துப் பாருங்கள்.

சொந்தத் திருத்தங்களையும் இப்போதே எண்ணிவிடுங்கள். பல ஆண்டுகள் ஓடிய ஈஆர்பியில் ஆயிரக்கணக்கான சொந்த நிரல்கள் இருப்பது சாதாரணம். அவற்றில் பாதியை யாராவது தொடுகிறார்களா என்பதே சந்தேகம். எஸ்ஏபியில் எந்த நிரல் உண்மையில் ஓடுகிறது என்று பதிவு செய்ய ஏபிஏபி கால் மானிட்டர் என்ற கருவி உண்டு. மற்றவற்றில் செயல்பாட்டுப் பதிவுகளைக் கொண்டு சமாளிக்கலாம். ஆண்டு முழுவதும் பதிவு செய்யுங்கள். ஆண்டிறுதியில் ஒரே ஒருமுறை ஓடும் அறிக்கையைப் பயனற்றது என்று அழித்துவிட்டால் தணிக்கையாளர் வந்து கேட்பார்.

இணைப்புகளுக்கு உரிமச் செலவும் உண்டு. 2017இல் இங்கிலாந்து நீதிமன்றம் எஸ்ஏபிக்கும் டியாஜியோ என்ற மதுபான நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் இதைத்தான் சொன்னது. டியாஜியோவின் விற்பனையாளர்களும் வாடிக்கையாளர்களும் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் தளத்தில் கட்டப்பட்ட செயலிகள் வழியாக எஸ்ஏபியிலுள்ள தரவைத் தொட்டார்கள். அதற்கும் உரிமக் கட்டணம் உண்டு என்று தீர்ப்பானது. எஸ்ஏபி கேட்டிருந்த தொகை 5.4 கோடி பவுண்டுக்கும் அதிகம். ஆகவே ஒவ்வொரு இணைப்புக்கும் எதிரே "உரிமம் எந்த விதியில்?" என்று ஒரு கட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஒவ்வொன்றின் தலையெழுத்தையும் தனியே முடிவு செய்யுங்கள்

பட்டியலில் உள்ள ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஐந்து வழிகள்தான்: நிறுத்திவிடுவது, இருக்கும் இடத்திலேயே விடுவது, அப்படியே தூக்கிக் கிளவுட் சர்வரில் வைப்பது, தரவுத்தளம் போன்ற பாகங்களை மாற்றி வைப்பது, முற்றிலுமாகக் கைவிட்டு, விற்பனையாளரே தன் சர்வரில் ஓட்டித் தரும் சந்தா மென்பொருளுக்குப் போவது. முதல் வழியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மாற்ற வேண்டியதைக் குறைப்பதைவிட மலிவான மாற்றம் கிடையாது.

பொறுப்பு எங்கே பிரிகிறது என்பதுதான் இங்கே முக்கியம். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2011இல் வகுத்த மூன்று அடுக்குகள் இன்றும் உதவுகின்றன. உள்கட்டமைப்பை மட்டும் வாடகைக்கு எடுத்தால் இயங்குதளத்தைப் புதுப்பிப்பதிலிருந்து எல்லாம் உங்கள் வேலை. நிரலை ஓட்டுவதற்கான தளத்தையும் சேர்த்து எடுத்தால் தரவுத்தளப் பராமரிப்பு அவர்களுடையது, நிரல் உங்களுடையது. மென்பொருளையே சந்தாவாக எடுத்தால் பயனர் அனுமதிகளும் தரவும் தவிர மற்றவை அவர்களுடையவை. எந்த அடுக்கிலும் யாருக்கு எந்த அனுமதி கொடுத்தீர்கள் என்ற பொறுப்பு மட்டும் உங்களை விட்டுப் போகாது.

சந்தா மென்பொருளின் உண்மையான விலை பணத்தில் மட்டும் இல்லை. அதன் புதுப்பிப்புகள் உங்கள் வசதியைக் கேட்டு வருவதில்லை. ஆரக்கிள் நிறுவனத்தின் சந்தா ஈஆர்பியான ஃப்யூஷன் காலாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. எஸ்ஏபியின் புதிய ஈஆர்பியான எஸ்4ஹானாவின் பொதுக் கிளவுட் பதிப்பு ஆண்டுக்கு இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் உங்கள் இணைப்புகளைச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். இதை ஒரு தடவை செலவாக நினைத்துத் திட்டம் போட்டவர்கள் இரண்டாம் புதுப்பிப்பிலேயே திணறுவார்கள்.

உள்ளே கை வைத்துத் திருத்தவும் முடியாது. ஆகவே ஒவ்வொரு திருத்தத்தையும் மேசையில் வைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: இது சட்டத்துக்காகவா, வாடிக்கையாளருக்காகவா, எப்போதோ இருந்த ஒரு மேலாளரின் பழக்கத்துக்காகவா? மூன்றாவது வகைதான் அதிகம் இருக்கும். அதைக் கைவிட நிர்வாகம் தயாரென்றால் சந்தா மென்பொருள் நல்ல வழி. தயாரில்லை என்றால், பொதுப் பதிப்பை வாங்கிக்கொண்டு வெளியே ஐம்பது ஒட்டுகள் போடுவதைவிட, உங்களுக்கென்று தனியாக இயங்கும் பதிப்பை எடுப்பது நேர்மையானது. எஸ்4ஹானாவுக்கே பொதுப் பதிப்பு, தனிப் பதிப்பு என்ற இரண்டும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சுருக்கமாக என் அபிப்பிராயம்: பணியாளர் மேலாண்மை, செலவுக் கோரிக்கை, பொதுக் கணக்கு ஆகியவை சந்தாவுக்கு நன்றாகப் பொருந்தும். விலை நிர்ணயம், உற்பத்தித் திட்டம் போல நிறுவனத்துக்கே உரிய தந்திரம் அடங்கியவற்றில் அவசரப்படாதீர்கள். ஆலைத் தளத்தில் இயந்திரங்களோடு நேரடியாகப் பேசும் மென்பொருள் ஆலையிலேயே இருக்கட்டும். இணைய இணைப்பு அறுந்தாலும் இயந்திரம் ஓட வேண்டும்.

படி 4: தூரத்தைக் கணக்கிடுங்கள்

விற்பனைக் காட்சிகளில் யாரும் காட்டாத கணக்கு இது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. 1,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய்வர, கருவிகளின் தாமதம் இல்லாமலே 10 மில்லிநொடி. நடைமுறையில் 20 என்று வைத்துக்கொள்வோம். ஒரே அறையில் இருந்தபோது அது அரை மில்லிநொடி.

ஈஆர்பியில் ஓர் ஆர்டரைச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினால் தரவுத்தளத்துக்கு 600 கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன என்று கொள்வோம். ஒரே அறையில் அதற்கு 0.3 நொடி. தரவுத்தளத்தை இங்கேயே விட்டுவிட்டு மென்பொருளை மட்டும் கிளவுடில் வைத்தால் 12 நொடி. இரவில் ஓடும் செலவுக் கணக்கீடு 20 லட்சம் கேள்விகள் கேட்கிறது என்றால், 17 நிமிடத்தில் முடிந்தது 11 மணி நேரத்துக்கு இழுக்கும். இரவு வேலை மறுநாள் பகலிலும் ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு வேகமான இணைப்பு வாங்கியும் பயனில்லை. அலைவரிசையைக் காசு கொடுத்து அகலப்படுத்தலாம். தூரத்தைச் சுருக்க முடியாது.

ஆகவே விதி இதுதான்: இடைவிடாமல் பேசிக்கொள்பவை ஒரே குழுவாக, ஒரே நாளில், ஒரே இடத்துக்கு மாற வேண்டும். இரவில் ஒரு கோப்பை மட்டும் கொடுத்துவாங்குபவை பிரிந்திருக்கலாம். படி 2இல் எடுத்த பட்டியலில் ஒவ்வோர் இணைப்பிலும் எத்தனை அழைப்புகள் என்ற எண்ணைச் சேர்த்தால், குழுக்கள் தாமாகவே பிரிந்து தெரியும். அந்தக் குழுக்கள்தான் உங்கள் மாற்றத் திட்டத்தின் கட்டங்கள்.

படி 5: தரவு எங்கே இருக்கலாம்

இதைச் சட்ட ஆலோசகரிடம் எழுத்தில் வாங்குங்கள். தனிநபர் தரவு, நிதிப் பதிவுகள், சம்பளம் ஆகியவற்றுக்குப் பல நாடுகளில் தனித்தனி விதிகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதே ஆண்டு அமெரிக்காவில் வந்த கிளவுட் சட்டப்படி, அந்நாட்டு அதிகார வரம்புக்குள் வரும் நிறுவனங்கள், வெளிநாட்டில் வைத்திருக்கும் தரவையும் சட்டப்படியான ஆணை வந்தால் ஒப்படைக்க நேரலாம். ஆகவே சர்வர் எந்த நாட்டில் என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. நிறுவனம் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது, உதவிக்கு வரும் ஊழியர் எந்த நாட்டிலிருந்து உள்ளே நுழைகிறார், குறியாக்கச் சாவி யார் கையில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். காப்புப்பிரதிகளும் பதிவேடுகளும் எங்கே போகின்றன என்பது வழக்கமாக விட்டுப்போகும்.

படி 6: ஐந்தாண்டுக் கணக்கு

ஓராண்டுக் கணக்கில் கிளவுட் எப்போதும் அழகாகத் தெரியும். ஐந்தாண்டு போடுங்கள். இப்போது வைத்திருக்கும் சர்வரின் அளவை அப்படியே நகலெடுக்காதீர்கள். அது பல ஆண்டு வளர்ச்சியை மனத்தில் வைத்து வாங்கியது. உண்மையில் எவ்வளவு செயலியும் நினைவகமும் பயன்படுகிறது என்று அளந்து அதற்கு மட்டும் விலை கேளுங்கள்.

பயன்படாத நேரத்தில் அணைக்க முடிவதில்தான் உண்மையான மிச்சம். மாதத்துக்குச் சுமார் 730 மணி நேரம். சோதனைச் சர்வரை வேலை நாட்களில் பத்து மணி நேரம் மட்டும், 22 நாள் ஓட்டினால் 220 மணி நேரம். கட்டணம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். ஆனால் அன்றாட வேலை நடக்கும் உண்மையான ஈஆர்பி இரவும் பகலும் ஓடும். அதற்கு ஓராண்டு அல்லது மூன்றாண்டு உறுதி கொடுத்துத் தள்ளுபடி வாங்கலாம். முதல் சில மாதங்கள் ஓட்டி, சரியான அளவு தெரிந்தபின் கையெழுத்திடுங்கள்.

உரிமம்தான் பலர் வழுக்கும் இடம். ஆரக்கிள் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தச் சர்வரில் இன்டெல் செயலிக்குள் இருக்கும் ஒவ்வொரு கோரையும் (கணிக்கும் அலகு) 0.5 என்ற கோர் காரணியால் பெருக்குவார்கள், எட்டு கோருக்கு நான்கு உரிமம் போதும். அமேசான், மைக்ரோசாஃப்டின் அஜூர் ஆகிய கிளவுடுகளில் அந்தக் காரணி செல்லாது. ஒரு கோரை இரண்டு மெய்நிகர் செயலியாகக் காட்டும் ஹைப்பர்திரெடிங் உள்ள இடத்தில் இரண்டு மெய்நிகர் செயலிக்கு ஓர் உரிமம். அதே எட்டு கோர் அங்கே 16 மெய்நிகர் செயலி, அதாவது எட்டு உரிமம். இயந்திரம் மாறவில்லை, உரிமம் இரட்டிப்பாகிவிட்டது.

பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் மாதங்களின் இரட்டைச் செலவையும் கணக்கில் சேருங்கள். அது எப்போதும் திட்டமிட்டதைவிட நீளும். கிளவுடை விட்டு வெளியேறிச் சம்பாதித்த டிராப்பாக்ஸின் கதையை யாராவது கூட்டத்தில் எடுத்துக்காட்டுவார். இரண்டாண்டில் ஏறத்தாழ 7.5 கோடி டாலர் மிச்சம் என்று 2018 பங்கு வெளியீட்டு ஆவணத்தில் அந்நிறுவனமே சொன்னது உண்மைதான். ஆனால் கோப்புகளைச் சேமிப்பதே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தின் கணக்கு உங்கள் சரக்கிருப்பு மென்பொருளுக்குப் பொருந்தாது.

படி 7: நின்றுபோனால், அழிந்துபோனால்

99.9 சதவீத உத்தரவாதம் என்றால் 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் நிற்கலாம். சர்வர், தரவுத்தளம், பயனரைச் சரிபார்த்து உள்ளே விடும் அடையாளச் சேவை என மூன்று ஒன்றையொன்று நம்பியிருந்து, ஒவ்வொன்றும் 99.9 என்றால், மொத்தம் 99.7, இரண்டு மணி நேரத்துக்கும் மேல். அந்த இரண்டு மணி நேரம் மாதக் கடைசி நாளில் வந்தால்? இழப்பீடாகக் கிடைப்பது பெரும்பாலும் அடுத்த பில்லில் ஒரு சிறு கழிவு மட்டுமே.

அழிவு வேறு ரகம். 2021 மார்ச் மாதம் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து போனது. காப்புப்பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2024 மே மாதம் யூனிசூப்பர் என்ற ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியின் கூகுள் கிளவுட் தனிச் சந்தாவே உள்ளமைப்புத் தவறால் நீக்கப்பட்டது. இரண்டு இடங்களில் நகல் இருந்தும், சந்தாவே போனதால் இரண்டும் போயின. மீள்வதற்கு உதவியவற்றில் ஒன்று, வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த காப்புப்பிரதி.

ஆகவே ஒரு பிரதி வேறு நிறுவனத்தில், வேறு கடவுச்சொல்லின் கீழ், குறிப்பிட்ட காலம்வரை யாராலும் அழிக்க முடியாதபடி இருக்க வேண்டும். அதிலிருந்து ஈஆர்பியை மீட்டு, ஒரு நாள் கணக்கைச் சரிபார்த்துக் காட்டச் சொல்லுங்கள். "பேக்கப் வெற்றி" என்ற பச்சை விளக்கை நம்பாதீர்கள்.

படி 8: வெளியேறும் வழியை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்

சேரும்போதுதான் பேரம் பேச முடியும். ஒப்பந்தம் முடிந்தபின் தரவு எத்தனை நாள் வைத்திருக்கப்படும்? எந்த வடிவத்தில் தருவார்கள்? அறிக்கைகளாகக் கொடுத்தால் பயனில்லை; அட்டவணைகளாக, இணைப்பு ஆவணங்களோடும் தணிக்கைப் பதிவுகளோடும் வேண்டும். புதுப்பிக்கும்போது விலை எத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது? பயனர் எண்ணிக்கையைக் குறைக்க உரிமை உண்டா? விற்பனையாளர் கூட்ட மட்டும் அனுமதிப்பார், குறைக்க விடமாட்டார் என்ற விதி சிறிய எழுத்தில் இருக்கும்.

தரவை வெளியே எடுப்பதற்கான கட்டணம் பற்றிய பயம் குறைந்து வருகிறது. 2024 தொடக்கத்தில் கூகுளும், பின்னர் அமேசானும் மைக்ரோசாஃப்டும், முழுவதுமாக வெளியேறுவோருக்கு அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி 2027 ஜனவரி 12 முதல் இடம் மாறுவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. உண்மையான பிணைப்பு வேறிடத்தில் இருக்கிறது: எதற்கு யார் யார் ஒப்புதல் தர வேண்டும் என்று நடத்தும் விற்பனையாளரின் கருவியில் நீங்கள் ஆண்டுக்கணக்கில் கட்டிய விதிகளை எந்த ஏற்றுமதிக் கோப்பும் சுமந்து செல்லாது. அந்த விதிகளைத் தனி ஆவணமாகவும் எழுதி வையுங்கள்.

படி 9: இப்போது பெயரைத் தேர்ந்தெடுங்கள்

உங்கள் மென்பொருளுக்குச் சான்று பெற்ற சர்வர் வகை அவர்களிடம் இருக்கிறதா? எஸ்ஏபியின் ஹானா தரவுத்தளத்துக்கு இது கட்டாயம். சட்டம் அனுமதிக்கும் நாட்டில் தரவு மையம் உண்டா? உங்கள் ஆட்களுக்கு எது தெரியும்? இந்த மூன்றுக்குப் பிறகு பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரே ஈஆர்பியை இரண்டு கிளவுடுகளில் பரப்பி ஓட்டும் யோசனையை வரவேற்காதீர்கள். செலவும் சிக்கலும் இரட்டிப்பாகும். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்பது பெரும்பாலும் படத்தில் மட்டும்தான். காப்புப்பிரதி மட்டும் வெளியே இருந்தால் போதும்.

படி 10: மாற்றம்

தரவை எப்படி அனுப்புவது என்பதை முதலில் பாருங்கள். 10 டெராபைட்டை 100 மெகாபிட் இணைப்பில் அனுப்ப ஒன்பது நாளுக்கு மேலாகும். 1 கிகாபிட்டில் ஏறத்தாழ 22 மணி நேரம், அதுவும் வேறு யாரும் அந்த இணைப்பைத் தொடாவிட்டால். ஆகவே முன்கூட்டியே முழுப் பிரதியை அனுப்பிவிட்டு, கடைசி வார இறுதியில் மாறியவற்றை மட்டும் அனுப்பும் முறையே உகந்தது.

ஒத்திகையை முழு அளவு தரவோடு குறைந்தது இரண்டு முறை நடத்துங்கள். அதில் மாத இறுதிக் கணக்கு மூடலும் இருக்க வேண்டும். உண்மையான மாற்றத்தை மாத இறுதிக்கும் சம்பள நாளுக்கும் நடுவில் வைக்காதீர்கள். ஞாயிறு இத்தனை மணிக்குள் இன்னின்ன எண்கள் பொருந்தாவிட்டால் பழையதற்கே திரும்புகிறோம் என்று முன்பே எழுதி, முடிவெடுப்பவரின் பெயரையும் போடுங்கள். பொருந்த வேண்டிய எண்கள் எளியவை: பேரேட்டு நிலுவை, சரக்கிருப்பு மதிப்பு, நிலுவையிலுள்ள ஆர்டர்களின் எண்ணிக்கை, வாடிக்கையாளர் பாக்கி. விடியற்காலையில் களைத்த கண்களோடு "கிட்டத்தட்ட சரி" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

பழைய இயந்திரத்தை உடனே அணைத்துவிடாதீர்கள். அதே சமயம் எழுத அனுமதியும் கொடுக்காதீர்கள். ஒரு காலாண்டு மூடல் முடியும்வரை படிக்க மட்டும் திறந்திருக்கட்டும். அதன்பின் பழைய ஆண்டுகளின் பதிவுகளைத் தணிக்கைக்குச் சட்டம் சொல்லும் காலம்வரை மலிவான சேமிப்பில், தேடிப் படிக்கும்படி வைத்துவிட்டு, அந்தச் சர்வர்களின் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் உரிமங்களையும் எழுத்து மூலம் ரத்து செய்யுங்கள். இந்தக் கடிதம் அனுப்பப்படாததால் பழையதற்கும் பணம் போய்க்கொண்டே இருக்கும் நிறுவனங்கள் நிறைய உண்டு.